பூட்டிய கதவும் 78 சதவீதமும்

2006 செப்டம்பர் 29. ரஷ்யாவின் கல்மிக்கியாவில், எலிஸ்டா நகரில் உலக செஸ் பட்டத்துக்கான ஐந்தாவது ஆட்டம். வெசலின் தோப்பலோவ் பலகை முன் உட்கார்ந்திருக்கிறார். விளாதிமிர் க்ராம்னிக் வரவில்லை. பூட்டப்பட்ட தன் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து, இதைத் திறந்தால்தான் ஆடுவேன் என்கிறார். அனுமதிக்கப்பட்ட நேரம் கடந்தது. புள்ளி தோப்பலோவுக்குப் போனது.

நான்கு ஆட்டங்களில் க்ராம்னிக் 3-1 என்று முன்னிலையில் இருந்தார். ஒரே ஆட்டத்தில் ஐம்பது தடவைக்கு மேல் கழிப்பறைக்குப் போகிறார், கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான் என்று தோப்பலோவின் மேலாளர் சில்வியோ டானைலோவ் புகார் கொடுத்தார். எண்ணிக்கை மிகையானது என்று போட்டியின் முறையீட்டுக் குழுவே சொன்னது. ஆனாலும் இருவரின் தனிக் கழிப்பறைகளையும் மூடச் சொல்லிவிட்டது.

கழிப்பறையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அக்டோபர் 4-ஆம் தேதி டானைலோவ் வெளியிட்ட அறிக்கை. க்ராம்னிக்கின் நகர்வுகளில் சராசரியாக 78 சதவீதம் ஃப்ரிட்ஸ் 9 செஸ் மென்பொருளோடு ஒத்துப்போகிறதாம். செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த எண் மட்டும் எதையும் நிரூபிக்காது. எதிராளி உங்கள் ராணியை வெட்டினால் நீங்கள் திருப்பி வெட்டித்தான் ஆக வேண்டும். ஃப்ரிட்ஸும் அதைத்தான் சொல்லும், எட்டு வயதுப் பிள்ளையும் அதைத்தான் ஆடும். கட்டாய நகர்வுகள் நிறைந்த ஆட்டத்தில் பொருத்தம் தானாகவே ஏறும். பஃபலோ பல்கலைக்கழகத்தின் கென் ரீகன் இந்தச் சர்ச்சையால்தான் செஸ் ஏமாற்று பற்றிய ஆய்வுக்குள் வந்தார். ஒவ்வொரு நிலையும் எவ்வளவு கடினம், அந்தத் தரத்து ஆட்டக்காரர் எந்த நகர்வைக் கண்டுபிடிக்க வாய்ப்பு என்று கணக்கிடும் முறையை உருவாக்கினார்.

அக்டோபர் 13-இல் ரேப்பிட் ஆட்டங்களில் வென்று க்ராம்னிக் பட்டத்தைப் பெற்றார். அடுத்த மாதமே ஜெர்மனியின் பான் நகரில் டீப் ஃப்ரிட்ஸ் மென்பொருளோடு ஆடியபோது, ஒரே மூவில் மேட் ஆவதைக் கவனிக்காமல் தோற்றார்.

பிறகு எல்லோரும் ஆன்லைனுக்கு வந்தோம். ஏமாற்று கற்பனையல்ல. 2021-இல் கொரோனா நிவாரணத்துக்காக நம் ஆனந்த் ஆடிய ஆட்டத்தில் எதிரே இருந்த தொழிலதிபர், கணினியின் உதவியைப் பெற்றதாகத் தாமே ஒப்புக்கொண்டார். பக்கத்து ஜன்னலில் ஃப்ரிட்ஸ் போன்ற ஒரு இன்ஜின் திறந்திருந்தால் யாருக்குத் தெரியும்? அந்தப் பயம் நியாயமானதே.

என்னை உலுக்குவது வேறு. 2023-இல் கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா ஆன்லைனில் பிளிட்ஸ் என்ற அதிவேக ஆட்டத்தில் 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்ததைக் காட்டிச் சந்தேகம் கிளப்பியவர் அதே க்ராம்னிக். ஆயிரக்கணக்கில் பிளிட்ஸ் ஆடுகிறவருக்கு, அதுவும் தன்னைவிடக் குறைந்த தரப்புள்ளி உள்ளவர்களோடு ஆடும்போது, இப்படி ஒரு தொடர் வருவது இயல்பு. செஸ்.காம் தளம் ஆராய்ந்து, தவறில்லை என்றது. அடுத்த ஆண்டு அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி மீது க்ராம்னிக்கின் பார்வை திரும்பியது. எதுவும் நிரூபிக்கப்படவில்லை. அந்தப் பழி தன்னை வாட்டுவதை நேரலையிலேயே சொன்ன நரோடிட்ஸ்கி, 2025 அக்டோபரில் 29 வயதில் இறந்தார். அவர் மரணத்துக்குக் காரணம் இதுதான் என்று நான் எழுத மாட்டேன். ஆதாரமில்லாத பழி அதுவும். ஆனால் எலிஸ்டாவில் அந்தக் கதவின் முன் உட்கார்ந்த மனிதருக்கு, நிரூபிக்க முடியாத குற்றச்சாட்டு எப்படி வலிக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். நவம்பரில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே க்ராம்னிக் மீது தன் ஒழுங்கு ஆணையத்தில் புகார் அளித்தது.

என் மாணவர்கள் தோற்றதும், “சார், அவன் இன்ஜின் போட்டுட்டான்” என்பார்கள். ரிப்போர்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன், அந்த ஆட்டத்தை முதல் மூவிலிருந்து பலகையில் வைத்துக்காட்டச் சொல்கிறேன். பெரும்பாலும் பதினைந்தாவது மூவுக்குள் ஒரு குதிரை காவலில்லாமல் நிற்கும்.