சோழன் பஸ் என்ற பெயர்

தாராசுரம் வழியாகத் தஞ்சாவூர் போகும் அரசு பஸ்ஸை வயதானவர்கள் இன்னும் ‘சோழன் பஸ்’ என்பார்கள். ஒரு காலத்தில் இங்கே தனியார் பஸ்தான். கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனி ரூட் பர்மிட்டுக்காக 1950களில் உச்ச நீதிமன்றம் வரை போனது. பர்மிட்டுக்கு அவ்வளவு மதிப்பு!

1972-ல் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்டு சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. இரண்டாம் ராஜராஜன் கோயில் கட்டிய ஊருக்குப் பொருத்தமான பெயர்.

1997-ல் கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரில் விருதுநகரில் ஒரு கழகம் தொடங்கினார்கள். ஒரு தலித் வீரரின் பெயர் என்பதால் எதிர்ப்பு எழுந்து, சாதிக் கலவரம் மூண்டது. அரசு எல்லாக் கழகங்களின் பெயர்களையும் நீக்கியது. மறுத்தவர்களுக்கு விட்டுக்கொடுத்ததாகவே எனக்குப் படுகிறது. சோழனும் அப்படித்தான் போனான். தலைமையகம் மட்டும் கும்பகோணத்திலேயே இருக்கிறது.