பக்கிங்காம் கால்வாயும் விறகுத் தோணிகளும்

திருப்பணிக் காலத்தில் கோபுரத்தையும் விமானத்தையும் சூழக் கட்டப்பெறும் சாரத்தைக் காண்போர் பலர். அச்சாரத்துச் சவுக்குக் கழி எங்கு வளர்ந்தது, முன்னாளில் எவ்வழி நகருக்கு வந்தது என வினவுவோர் சிலரே. அவ்வினா கோவளத்துக் கரைக்கு மிகவும் உரியது.

சவுக்கு இந்நாட்டுத் தொன்மரம் அன்று. சங்கச் சான்றோர் நெய்தல் நிலத்துக்கு உரைத்தவை புன்னையும் தாழையும் ஞாழலுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரை மணலில் பெருக நடப்பெற்ற சவுக்கு, சில ஆண்டுகளிலேயே வெட்டுக்கு வருவது. 1856-இல் இராயபுரத்தினின்றும் புகைவண்டி ஓடத் தொடங்கியபின், நிலக்கரி அரிதாயிருந்த அந்நாளில் விறகின் தேவை பெருகிற்று; சென்னை நகரின் அடுப்புகளும் அதனையே வேண்டி நின்றன. கடற்கரை மணலில் பாரவண்டி எங்ஙனம் செல்லும்? நீர்வழியே துணையாயிற்று.

1806-இல் பாசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையினின்றும் எண்ணூர் நோக்கி வெட்டுவித்த கால்வாயே அவ்வழிக்கு முதல். பின்னர் அது வடக்கே ஆந்திர நாட்டுப் பெத்தகஞ்சாம் வரையிலும், தெற்கே கோவளத்து உப்பங்கழியூடே மரக்காணம் வரையிலும் ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீண்டது. ஆயினும் அடையாற்றுக்கும் கூவத்துக்கும் இடையே நீர்த்தொடர்பு நெடுங்காலம் இல்லை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில், பசித்தோர்க்குக் கூலிவேலையாக அவ்விடைவெளி, ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர், வெட்டப்பெற்றது. 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வாய்த்தது. பசியோடு மண் சுமந்தார் பெயரை யார் அறிவார்?

விறகும் உப்பும் ஏற்றிய தோணிகள் காற்று வாய்த்தபோது பாய் விரித்தன; ஆழங்குறைந்த இடத்தில் கோல் ஊன்றிச் செலுத்தப்பட்டன. இரண்டும் உதவாதவிடத்து, ஆட்கள் கரைமேல் நடந்து, கயிற்றைத் தோளிலிட்டு இழுத்தனர். கடலின் ஓதம் கழிமுகந்தோறும் ஏறி இறங்குவதாகலின், 'லாக்கு' எனப்பட்ட இரட்டைக் கதவுகளை ஆங்காங்கு அமைத்திருந்தனர். இரு கதவுகளுக்கும் இடையே தோணியை நிறுத்தி, நீர்மட்டம் ஒத்தபின் அப்பால் விடுவர். இக்கால்வாயில் மாமல்லபுரம் சென்றதைப் பாவேந்தர் பாரதிதாசன் 'மாவலிபுரச் செலவு' எனப் பாடினார். தோணி இழுப்போரின் துன்பங் கண்டு இரங்குவது அப்பாட்டு. அவர் கடவுள் மறுப்புப் பேசியவர்; எனினும் அவ்விரக்கம் சிவனடியார்க்கு உவப்பானதே.

கொடிமரத்துக்கும் தேருக்கும் ஆகும் பெருமரங்கள் மலைநாட்டில் விளைவன. மலையாள தேசத்து நிலம்பூர்த் தேக்கு, சாலியாற்றில் மிதந்தே கல்லாய்த் துறையை அடைந்தது. ஆங்கு ஆறு தானே சுமந்தது. ஈங்கு மனிதன் தோள் இழுத்தது.

இருப்புப்பாதையும் லாரியும் வலுப்பெற்றபின் தோணிகள் குறைந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெரிதும் சிதைத்தன. நகருக்குள் அது சாக்கடை கலந்து, பறக்கும் இரயிலின் தூண்களைத் தாங்கி நிற்கிறது. 2008-இல் நான்காம் தேசிய நீர்வழியின் ஒரு பகுதியாக அறிவிக்கப்பெற்றது. விறகுத் தோணிகள் கடந்த முட்டுக்காட்டுக் கழியில் இன்று சுற்றுலாப் படகுகள் ஓடுகின்றன. சாரத்துச் சவுக்கு லாரியில் வருகிறது.