இரண்டு பெயர்ப் பலகையும் ஒரு ஆறும்

போன கோடையில் பிரான்சில் சித்தி வீட்டில் நின்றபோது, பொந்திவி என்ற சின்ன ஊருக்கு ஒரு நாள் போய்வந்தோம். நாட்டின் மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரெத்தாஞ் பகுதியின் நடுவில், பிளாவே ஆற்றங்கரையில் இருக்கிறது. ஊர் எல்லையில் பலகையில் இரண்டு பெயர்கள். ஒன்று பிரெஞ்சில் பொந்திவி, மற்றது அங்கத்தைய பிரெத்தோன் மொழியில் பொந்தி.

"இதென்னடி, பொண்டிச்சேரி மாதிரிக் கிடக்கு" என்று சித்தி சிரித்தா. அது தற்செயல். இவி என்ற பழைய துறவி கட்டியதாகச் சொல்லப்படும் பாலத்தின் பெயர்தான் ஊருக்கு வந்தது. ஆனால் இந்த ஊருக்கு இதைவிட வேறு பெயரும் இருந்திருக்கிறது.

ஊரை நடந்து பார்த்தால் இரண்டு ஊர்கள் தெரியும். ஒரு பக்கம் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரோஆன் பிரபுக்கள் கட்டிய கோட்டை, வளைந்து வளைந்து போகும் ஒடுக்கமான தெருக்கள், மரச்சட்டம் போட்ட வீடுகள். ஒரு தெருவுக்குப் பெயரே நூல் தெரு, லினன் வியாபாரத்தின் மிச்சம். இன்னொரு பக்கம் அடிமட்டம் வைத்துக் கீறினமாதிரி நேர் தெருக்கள், பெரிய சதுக்கம், நீதிமன்றம், படைமுகாம். இது நெப்போலியன் போட்ட ஊர். 1804இல் இதற்கு நெப்போலியன்வில் என்றே பெயர் வைத்தார்கள். அவர் விழப் பெயரும் விழுந்தது. அவருடைய தம்பியின் மகன் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் திரும்ப வந்தது. 1870இல் அந்தப் பேரரசும் போக, ஊர் பழையபடி பொந்திவி ஆனது.

ஏன் இந்தச் சின்ன ஊர்? 1793 மார்ச்சில், கட்டாய ஆட்சேர்ப்பை எதிர்த்த சுற்றுக் கிராமத்து விவசாயிகள் இந்த ஊரைத் தாக்கினார்கள். கிளர்ச்சி செய்யும் கிராமங்களுக்கு நடுவில் அரசுக்கு ஒரு காலூன்றும் இடம் தேவைப்பட்டது. கடலிலோ ஆங்கிலேயக் கப்பல்கள் வழிமறித்து நின்றன. அதனால் நாந்த் முதல் பிரெஸ்ட் வரை உள்நாட்டுக்குள்ளால் 360 கிலோமீற்றருக்கு மேல் ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். அது முடிந்தது 1842இல். நெப்போலியன் செத்து 21 வருடம்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது நெப்போலியன் இல்லை, அவருக்கு முன்னம் நடந்த ஒரு கூட்டம். 1790 ஜனவரியில் பிரெத்தாஞ், ஆன்ஜு என்ற இரண்டு மாகாணங்களின் இளைஞர் படைகளுடைய பிரதிநிதிகள் இதே ஊரில் கூடினார்கள். எங்கள் வயதுக்காரர்தான். அடுத்த மாதம் நகரசபைப் பிரதிநிதிகளும் கூடினார்கள். நாங்கள் இனிப் பிரெத்தோன்களோ ஆன்ஜுக்காரரோ இல்லை, பிரெஞ்சுக் குடிமக்கள், மாகாணச் சலுகைகள் எங்களுக்கு வேண்டாம் என்று உறுதி எடுத்தார்கள். அந்த உறுதிக்கு இப்போது ஊருக்குள் ஒரு நினைவுத்தூண் நிற்கிறது.

அவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சலுகை என்றால் அன்று பிரபுக்களின் சலுகைதானே. சமத்துவத்துக்காகத்தான் ஒரு பெயரை விட்டார்கள். மொழியை விடுவதாக அவர்கள் சொன்னதில்லை. அதே ஜனவரியில் பாரிசில் தேசிய சட்டசபையும் தன் ஆணைகளை மற்ற மொழிகளில் மொழிபெயர்க்கத்தான் தீர்மானித்தது. நாலே வருடத்தில் காற்று மாறியது. 1794 ஜனவரியில் பாரேர் என்ற தலைவர் பிரெத்தோனை மூடநம்பிக்கையின் மொழியாகவும் பிரிவினையின் மொழியாகவும் சபையில் குற்றஞ்சாட்டினார்.

பிறகு பள்ளிக்கூடம் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பிறகும், வகுப்பில் பிரெத்தோன் கதைத்த பிள்ளையிடம் ஒரு மரத்துண்டையோ பழைய மரச்செருப்பையோ கொடுப்பார்கள். அது அடுத்துக் கதைத்து அகப்படும் பிள்ளைக்குக் கைமாறும். பின்னேரம் யாரிடம் இருக்கிறதோ அவருக்குத் தண்டனை. பிள்ளையையே பிள்ளைக்குக் காவல் வைத்த ஏற்பாடு அது. 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசிய மொழி, இன்று அழியும் ஆபத்தில் உள்ள மொழிகளின் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1951இல்தான் சட்டம் அதைப் பாடசாலைக்குள் கொஞ்சம் அனுமதித்தது. 1977இல் பெற்றோர் தாங்களாகவே திவான் என்ற பிரெத்தோன் மொழிப் பள்ளிகளைத் தொடங்கினார்கள்.

பின்னேரம் பாலத்தடியில் இருந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சமமாக இருப்பதற்காக ஒரு பெயரை விட்டுக்கொடுப்பது பெருந்தன்மை. அதைச் சாட்டாக வைத்து மொழியையும் எடுத்துக்கொள்வது வேறு விஷயம். 1790இல் கூடிய அந்த இளைஞர்கள் முதலாவதைத்தான் செய்தார்கள் என்று நினைக்கிறேன். தூணில் எழுதிவைப்பது அதைத்தான். இரண்டாவதுக்குத் தூண் இல்லை. ஊர் எல்லையில் அந்தப் பலகைதான் இருக்கிறது.