விழுந்த கையும் 'நல்ல' கையும்

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கை விழுந்திருக்கு?" இடக்கை என்று தெரிந்தால், "நல்லவேளை, சோத்துக்கை தப்பிச்சுது" என்று ஒரு பெருமூச்சு. அந்தப் பெருமூச்சு அவசரப்பட்டது என்பேன்.

மூளையிலிருந்து இறங்கும் இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி முகுளத்தில் பக்கம் மாறுகிறது. அதனால் இடப்பாதி அடிபட்டால் வலக்கை விழும், வலப்பாதி அடிபட்டால் இடக்கை. கணக்கு இதோடு முடிந்தால் இருவருக்கும் ஒரே பயிற்சி போதும். முடிவதில்லை.

வலக்கைப் பழக்கமுள்ள ஒருவருக்கு இடப்பாதி அடிபட்டால் பேச்சும் சேர்ந்து போவதுண்டு. சிலருக்கு இன்னொரு சிக்கல்: தசையில் பலம் இருக்கும், சொன்னதும் புரியும், ஆனால் சீப்பைக் கையில் கொடுத்தால் அதை என்ன செய்வதென்று கைக்குத் தெரியாது. விழாத இடக்கையும் இப்படித் திகைக்கும். இதை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் ஹியூகோ லீப்மான். இவர்களிடம் வாயால் விளக்குவதைவிடச் செய்து காட்டுவது பலன் தரும்.

வலப்பாதி அடிபட்டவரோ கலகலவென்று பேசுவார். வந்தவர்கள் நிம்மதியாகத் திரும்புவார்கள். ஆனால் தட்டின் இடப்பக்கச் சோறு தொடாமல் அப்படியே கிடக்கும். இடக்கை கட்டிலுக்கு வெளியே தொங்குவதுகூட அவருக்குத் தெரியாது. "கை நல்லாத்தானே இருக்கு" என்று சாதிப்பவர்களும் உண்டு. இந்த அறியாமைக்கு 1914இல் பெயர் சூட்டினார் பிரெஞ்சு மருத்துவர் பாபின்ஸ்கி. குறையே இல்லை என்பவர் எதற்குப் பயிற்சி செய்வார்? இரண்டில் இதுதான் கடினமான வழக்கு என்பது என் கணிப்பு. பேச்சு நன்றாயிருப்பதே வீட்டாரை ஏமாற்றிவிடுகிறது.

இனி, தப்பித்த கை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செயின்பர்க் பல ஆண்டுகளாக ஆராய்வது இதைத்தான். தம்ளருக்குக் கை நீட்டும்போது தோளின் அசைவு முழங்கையையும் இழுக்கும். அந்த இழுப்பை முன்கூட்டியே கணக்கிட்டுப் பாதையை நேராக்குவது இடப்பாதியின் சிறப்பு. போய்ச் சேர்ந்த இடத்தில் கையை ஆடாமல் நிறுத்துவது வலப்பாதியின் சிறப்பு என்கிறார். ஆகவே இடப்பாதி அடிபட்டவரின் 'நல்ல' இடக்கை வளைந்து வளைந்து போகும். வலப்பாதி அடிபட்டவரின் வலக்கை நேராகப் போகும். தம்ளரருகே துல்லியமாக நிற்காது. சோத்துக்கையும் முழுதாகத் தப்பவில்லை.

விழுந்த கையில் ஓரளவு அசைவு மீந்திருந்தால் நல்ல கைக்கு உறை மாட்டி, விழுந்ததையே வேலை வாங்கும் முறை உண்டு. 222 பேரிடம் நடந்து 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அது பலன் தந்தது. அசைவே இல்லாதவருக்கு அது பொருந்தாது. அவர் பல் துலக்குவது, பொத்தான் போடுவது, சாப்பிடுவது எல்லாம் மற்றக் கையால்தான். அதற்குப் பயிற்சி தரப் பெரும்பாலும் யாருக்கும் தோன்றுவதில்லை.

அடுத்த முறை பார்க்கப் போனால், அவர் அந்தக் கையால் தண்ணீர் எடுப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். வழியில் தடுமாறுகிறதா, தம்ளரைத் தொடும் இடத்திலா? கண்டதைப் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லுங்கள்.