டிக்கெட்டில் ஏறிய மூன்றாவது எண்

கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியாவில் திருச்சிக்கோ சென்னைக்கோ டிக்கெட் எடுப்பவர்கள் முதலில் கேட்பது இரண்டு எண்கள்: விலை எத்தனை ரிங்கிட், பெட்டி எத்தனை கிலோ. சில ஆண்டுகளாகக் கைப்பேசியில் தேடும்போது மூன்றாவதாக ஓர் எண்ணும் வருகிறது. இந்தப் பயணத்தில் உங்கள் பங்குக்கு இத்தனை கிலோ கரியமில வாயு என்கிறது அது. பலரும் அதைப் பார்த்தும் பாராமல் கடந்துவிடுகிறார்கள். அந்த எண் பிறந்து வர எண்பது ஆண்டுகள் ஆயின. இன்னும் அது முழுமை பெறவில்லை.

அதன் வேர் போர்க்காலத்தில் இருக்கிறது. உயரத்தில் பறக்கும் விமானத்தின் பின்னால் வெள்ளைக் கோடு எப்போது விழும் என்று 1941-இல் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் ஷ்மிட் கணக்குப் போட்டார். 1953-இல் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஆப்பிள்மன் அதை மேலும் வளர்த்தார். எஞ்சின் விடும் சூடான ஈரக் காற்று கடுங்குளிர்க் காற்றோடு கலக்கும்போது நீராவி பனித்துகளாக உறைகிறது, அதுதான் கோடு. கோடு விழுந்தால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்பதே அன்றைய கவலை. 1971-இல், ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானங்களின் புகை ஓசோன் படலத்தை அரிக்கும் என்று வேதியியலாளர் ஹரால்ட் ஜான்ஸ்டன் எச்சரித்த பிறகு, பார்வை மாறத் தொடங்கியது.

கரியமில வாயுவை எண்ணுவது எளிது. ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் 3.16 கிலோ வாயு வரும். எரிபொருளில் உள்ள கரி, காற்றின் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது. கோலாலம்பூரிலிருந்து திருச்சி போகும் விமானம் 9 டன் எரித்தது என்று வைத்துக்கொள்வோம். வருவது சுமார் 28 டன். 180 இருக்கையும் நிரம்பியிருந்தால் தலைக்கு ஏறக்குறைய 158 கிலோ, அதுவும் ஒரு வழிக்கு. ஆளையும் பெட்டியையும் ஒன்றாகத் தராசில் ஏற்றினாலும் பெரும்பாலும் அத்தனை எடை வராது.

கடினமானது வெள்ளைக் கோடு. சில கோடுகள் நிமிடத்தில் கரைகின்றன. சில மணிக்கணக்கில் நின்று, மெல்லிய மேகமாகப் பரந்து, பூமியின் சூட்டை வெளியேற விடாமல் பிடித்துவைக்கின்றன. எது கரையும், எது நிற்கும் என்பது அந்த உயரத்துக் காற்றின் ஈரத்தைப் பொறுத்தது. அந்த ஈரத்தை அளக்கப் பயணிகள் விமானங்களையே பயன்படுத்தினார்கள். 1994 முதல் மொசாய்க் என்ற திட்டத்தில் ஏர்பஸ் விமானங்கள் ஓசோனையும் ஈரத்தையும் அளந்துகொண்டே பறந்தன.

இன்னொரு திட்டம் காரிபிக். லுஃப்தான்சா விமானமொன்றின் சரக்கறையில் கருவிகள் நிறைந்த பெட்டகத்தை ஏற்றி, வழியெல்லாம் காற்றை உறிஞ்சிப் பரிசோதித்தார்கள். 2008-இல் அது பிராங்க்பர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே பறந்தது. தெற்காசியாவின் தரைக் காற்றைப் பருவமழை மேலே தூக்குவதையும், விமானம் பறக்கும் உயரத்தில் மீத்தேன் கூடுவதையும் அந்தப் பயணங்கள் காட்டின. பிறகு அதே விமானம் பாங்காக் வழியாகக் கோலாலம்பூருக்கும் வந்தது. விமானம் வானத்தில் எதைக் கூட்டுகிறது என்று சொல்வதற்கு முன், அங்கே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்த அறிவில் நம் வானமும் இடம்பெற்றது எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

1999-இல் காலநிலை மாற்றத்தை ஆராயும் பன்னாட்டுக் குழுவான ஐபிசிசி, விமானப் போக்குவரத்துக்கென்றே ஓர் அறிக்கை வெளியிட்டது. 1992-இல் மனிதரால் ஏற்பட்ட வெப்பத் தாக்கத்தில் விமானங்களின் பங்கு சுமார் 3.5 சதவீதம் என்றது அது. 2021-இல் டேவிட் லீயும் சக ஆய்வாளர்களும் செய்த கணக்கின்படி, விமானத்தின் மொத்தத் தாக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு கரியமில வாயு அல்லாதவற்றால் வருகிறது. அதில் பெரும்பங்கு வெள்ளைக் கோட்டுக்கு. துல்லியம் இன்னும் போதாது, ஆனால் திசை தெளிவு. பகலில் கோடு வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இரவில் அப்படித் திருப்பி அனுப்ப வெயிலும் இல்லாததால், கோடு சூட்டை மட்டுமே கூட்டும்.

அப்படியானால் டிக்கெட்டில் அது ஏன் இல்லை? 2021-இல் கூகுள் தன் விமானத் தேடலில் இந்த எண்ணைக் காட்டத் தொடங்கியது. 2022-இல் கோட்டின் தாக்கத்தைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. தனித்தனி விமானத்துக்குத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பது நியாயமான காரணம்தான். ஆனாலும் தெரியாததற்குப் பூஜ்யம் போடுவது சரியான கணக்கு ஆகாது.

இன்னொரு குறையும் உண்டு. 1997 கியோட்டோ ஒப்பந்தம் பன்னாட்டு விமானங்களின் புகைக்கான பொறுப்பைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பிடம் விட்டது. அதனால் நம் திருச்சி விமானத்தின் புகை மலேசியாவின் மொத்தத்திலும் கூடுவதில்லை, இந்தியாவின் மொத்தத்திலும் கூடுவதில்லை.

ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கல்யாணத்துக்கும் சாவுக்கும் நான்கு மணி நேரத்தில் ஊர் போய்ச் சேர்கிறார்கள். அந்தப் பயணத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. கேட்பது நேர்மையான கணக்கை மட்டும். ஐரோப்பாவுக்குள் பறக்கும் நிறுவனங்கள் 2025 ஜனவரி முதல் கரியமிலம் அல்லாத தாக்கங்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்று விதி வந்துவிட்டது. மலேசியாவிலும் இந்தியாவிலும் அந்த விதி வர வேண்டும். அதுவரை, அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது அந்த மூன்றாவது எண்ணையும் கேளுங்கள். அதில் வெள்ளைக் கோடு சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.