குடிக்கூலியும் குடியிருப்போரும்

‘கந்தோர்’ என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். அது ஒல்லாந்தர் விட்டுச் சென்ற சொல். தேசவழமையை 1707ஆம் ஆண்டில் எழுத்தில் தொகுப்பித்தவர்களும் அவர்களே. கோட்டை, கறுவா, யானை, சங்கு ஆகியவற்றின் வழியாகவே ஒல்லாந்தரை நாம் அறிந்திருக்கிறோம். அந்நாட்டின் சாதாரண மக்கள் எத்தகைய வீட்டில் படுத்துறங்கினர், அதற்கு எவருக்கு எவ்வளவு கொடுத்தனர் என்று நாம் கேட்டதில்லை. ஒரு சமுதாயத்தின் உள்ளமைப்பை அறிய விரும்புவோர்க்குக் கோட்டை கொத்தளங்களிலும் பார்க்க வீட்டு வாடகைச் சீட்டுக்கள் பல வேளைகளிற் கூடுதலாக உதவும்.

இன்று அம்ஸ்ரர்டாம் நகரில் வாடகைக்கு வீடு தேடும் ஒருவர், யோர்டான், டி பைப் என்னும் இரு வட்டாரங்களின் பெயர்களையே முதலில் கேள்விப்படுவார். குறுகலான தெருக்கள், சந்தை, கோப்பிக் கடைகள், பல மொழி பேசும் மக்கள் என எங்கும் கலகலப்பு. நெடுங்காலமாக இவை நகரின் மலிவான வட்டாரங்களாகவும் இருந்தன. மலிவும் கலகலப்பும் ஓரிடத்திற் சேர்ந்திருந்தது தற்செயலாக நேர்ந்ததன்று. அதற்கு நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றிற் குருதியும் சிந்தியிருக்கிறது.

ஒல்லாந்த கிழக்கிந்தியக் கம்பெனி 1602இல் தோன்றியது. பத்தாண்டு கழிந்து, பெருகிய செல்வத்தோடு நகரமும் விரிந்தது. வணிகப் பெருமக்களுக்கெனப் பிறைவடிவிலான பெருங்கால்வாய்களை 1613 முதல் வெட்டத் தொடங்கினர். அவற்றின் கரைகளில் எழுந்த மாளிகைகளுக்குக் கீழைத்தேசத்துச் செல்வமும், அதில் எம் நாட்டுக் கறுவாவின் பங்கும், அத்திவாரமிட்டன. அக்கால்வாய்களுக்கு வெளியே, தோல் பதனிடுவோரும் சாயமூற்றுவோரும் கூலியாட்களும் தங்குவதற்காக விடப்பட்ட இடமே யோர்டான். மாளிகைப் பகுதிக்கு அளவெடுத்துத் திட்டம் வரைந்தவர்கள், இங்கே வயல்களின் பழைய வாய்க்கால்களையும் ஒற்றையடிப் பாதைகளையும் அப்படியே தெருக்களாக விட்டனர். இன்று உல்லாசப் பயணிகள் அழகென்று வியக்கும் அந்தச் சாய்வும் நெருக்கமும் ஏழைகளுக்காகச் செலவிட மனமில்லாத சிக்கனத்தின் விளைவுகளே.

1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. கடனில் மூழ்கியிருந்த ஓவியர் ரெம்பிராண்டின் பெரிய வீடு ஏலத்திற் போனதும் அவ்வாண்டிலேதான். அதன்பின் அவர் யோர்டானில், ரோசாக் கால்வாய்க் கரையில், ஒரு வாடகை வீட்டிற் குடியேறினார். 1669இல் இறந்தபோது அவரைப் புதைத்த குழியும் வாடகைக் குழியே. பேரரசொன்று விரிந்துகொண்டிருந்த காலத்தில் அதன் தலைநகரத்துப் பெருங்கலைஞனுக்கே நிலை இதுவென்றால், கப்பலிற் கூலிக்குப் போன மாலுமியின் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நகரத்தின் மக்கட்டொகை இரு மடங்குக்கு மேலாகியது. நூற்றாண்டின் இறுதியில் யோர்டானில் மட்டும் ஏறத்தாழ 80,000 பேர் நெருக்குண்டு வாழ்ந்தனர். இன்று அதே நிலப்பரப்பில் வாழ்வோர் 20,000 பேர்கூட இல்லை. ஓர் அறையில் ஒரு குடும்பம். நிலத்தின் கீழே ஈரம் ஊறும் நிலவறைகளிலும் குடும்பங்கள். வீட்டில் இடமில்லாதவன் தெருவில் வாழ்கிறான். அவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற கலகலப்பு அங்கிருந்தே பிறந்தது என்பது எம் கருத்து.

தெருவையே வீடாக்கிக் கொண்டவனிடமிருந்து தெருவையும் பறிக்க முற்பட்டால் என்ன நிகழும் என்பதை 1886 காட்டியது. அவ்வாண்டு யூலை 25ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கால்வாய்க்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் உயிருள்ள விலாங்கைத் தொங்கவிட்டு, தோணியில் நின்று அதைப் பிடுங்கும் விளையாட்டு நடந்தது. கொடிய விளையாட்டுத்தான், தடைசெய்யப்பட்டதுங்கூட. பொலிஸ்காரன் கயிற்றை அறுத்தான். மக்கள் கல்லெறிந்தனர். மறுநாள் இராணுவம் சுட்டது. இறந்தோர் 26 பேர். இதனை ‘விலாங்குக் கலகம்’ என்று எழுதி நகைப்போருமுண்டு. விலாங்கு கயிற்றிற் தொங்கியது உண்மையே. ஆயின் கலகம் நிலவறையிலே பிறந்தது.

டி பைப் யோர்டானுக்குப் பின் வந்தது. 1870களிலிருந்து கடன் வாங்கிக் கட்டி, கட்டியவுடன் விற்று, அடுத்ததற்கு ஓடும் வியாபாரிகள் நீண்ட ஒடுங்கிய தெருக்களை மளமளவென எழுப்பினர். மெல்லிய சுவர், செங்குத்தான படி, ஒரு மாடியையே முன் வீடு பின் வீடு என இரண்டாக்கி இரு குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுதல் ஆகியன அவற்றின் இலக்கணம். இவ்வகைக் கட்டடங்களுக்கு அந்நாட்டார் வழங்கிய பெயர் ‘புரட்சிக் கட்டடம்’ என்பதாகும். எம் வாசகர் விரும்பும் புரட்சி இதுவன்று! ஆயினும் மலிவான அறைகளை நாடித் தொழிலாளரும் மாணவரும் ஓவியரும் வந்தனர். தள்ளுவண்டிக் கடைகள் பெருகவே, 1905இல் ஆல்பேர்ட் கைப் தெருச் சந்தைக்கு மாநகரசபை அங்கீகாரம் அளித்தது.

இந்நிலையிலேதான் 1901ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டம் பிறந்தது. அதனை இயற்றியவர்கள் சமதர்மவாதிகளல்லர்; தாராளவாத அரசாங்கத்தினர். குடியிருக்கத் தகாத வீட்டை மூடிவிடும் அதிகாரமும், தேவையான நிலத்தைச் சுவீகரிக்கும் அதிகாரமும் உள்ளூராட்சிக்குக் கிடைத்தன. இலாபம் பங்கிடாது வீடு கட்டும் சங்கங்களுக்கு அரசாங்கம் கடன் கொடுக்கலாம் என்ற விதியே அச்சட்டத்தின் உயிர்நாடி. வாடகை என்பது முதலீட்டுக்குக் கிடைக்கும் பலன் என்ற கொள்கையில் முதல் உடைப்பு அதுவே எனலாம்.

ஆயினும் சட்டம் ஏட்டில் இருந்தாற் போதாது. 1914இல் அம்ஸ்ரர்டாம் மாநகர ஆட்சியிற் புளோர் விபௌட் பொறுப்பேற்றபோதே அது செங்கல்லாக மாறத் தொடங்கிற்று. மர வியாபாரத்திற் செல்வரான இவர் சமூக ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவர். வீடு கட்டுவது யார் என்று கேட்டால் அவர் பெயரே விடையாக எதுகையோடு வரும் ஒரு முழக்கம் நகரெங்கும் ஒலித்தது. 1918 நவம்பரில் ஐரோப்பாவெங்கும் முடிகள் சரிந்தபோது ஒல்லாந்திலும் புரட்சி வரும் என்ற பேச்செழுந்தது. புரட்சி வரவில்லை, ஆயின் அந்த அச்சம் திறைசேரியின் பூட்டைச் சிறிது தளர்த்தியது என்று நாம் கருதுகிறோம்.

அக்காலத்துப் படைப்புக்களுள் ஸ்பார்ண்டம் வட்டாரத்தில் மிஷெல் டி கிளார்க் அமைத்த ‘கப்பல்’ என்னும் தொகுதி தனித்து நோக்கத்தக்கது. தொழிலாளருக்கு 102 வீடுகள். கூடவே ஒரு தபாற் கந்தோர். பயனேதும் இன்றி அழகுக்காகவே எழுப்பிய ஒரு கோபுரம். ஏழைக்கு அழகு எதற்கு என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். அவர்களுக்கு விடையளிக்கும் உரிமை அவ்வீடுகளிற் குடியிருந்தோருக்கே உண்டு. டி கிளார்க் 1923இல், தம் முப்பத்தொன்பதாம் பிறந்த நாளன்று, இறந்தார். அவ்வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பப் பெண்கள் சார்பில் எழுதப்பட்ட இரங்கற் கடிதம் ஒன்று சமூக ஜனநாயகக் கட்சியின் நாளேட்டில் வெளியாயிற்று. கட்டடக் கலைஞனுக்கு வாடகைக் குடிகள் இரங்கல் எழுதுவது எத்தனை நகரங்களில் நிகழ்ந்திருக்கும்?

இச்சாதனையின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. வாடகை தவறுவோரும் ‘ஒழுங்கற்றோர்’ என்று முத்திரை குத்தப்பட்டோரும் புதிய வீடுகளுக்குத் தகுதியற்றவர்கள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். அவர்களுக்கென வடகரையில் ஆஸ்டர்டோர்ப் என்னும் குடியிருப்பு 1927இல் அமைந்தது. சுற்றிலும் மதில், நுழைவாயிற் கட்டடம், உள்ளே கண்காணிப்பு. சமதர்மம் பேசிய மாநகரசபையே எழுப்பிய மதில் அது. பின்னர் நாசி ஆக்கிரமிப்பின்போது அம்மதிலுக்குள்ளேயே யூதக் குடும்பங்கள் அடைக்கப்பட்டன.

யுத்தம் முடிந்தபின் நெதர்லாந்தெங்கும் வீட்டுப் பஞ்சம். ஆட்சியாளரோ பழைய வட்டாரங்களை இடித்துப் பெருந்தெருக்களும் அலுவலகங்களும் கட்டத் திட்டம் தீட்டினர். வீடற்ற இளைஞர் வெறுமையாய்க் கிடந்த வீடுகளின் பூட்டை உடைத்துக் குடிபுகுந்தனர். இவ்வாறு புகுந்தவனின் இல்லத்திலும் அனுமதியின்றி எவரும் நுழையலாகாது என்று உயர் நீதிமன்றம் 1971இல் தீர்ப்பளித்தது. வெற்று வீடு இல்லமாயிற்று என்பதற்கு அடையாளம் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கட்டில்! அரசியற் பொருளாதாரத்தின் தடித்த நூல்கள் பல சொல்லாததை அந்த மூன்று தளபாடங்கள் சொல்லின.

1975 மார்ச் 24இல் நியூமார்க்கட் பகுதியில் நிலக்கீழ் இரயில் பாதைக்காக வீடுகளை இடிக்க வந்த பொலிசாருடன் மக்கள் மோதினர். பாதை வந்தது; ஆயின் கூடவே வரவிருந்த பெருந்தெரு கைவிடப்பட்டது. 1980 ஏப்ரல் 30இல் அரசி பெயாட்ரிக்ஸ் முடிசூடிய வேளை, வீடில்லையேல் முடியுமில்லை என்று தெருக்கள் முழங்கின.

யான் ஸ்கேபர் என்னும் இனிப்புப் பண்டத் தொழிலாளி, வட்டாரப் போராட்டங்களிலிருந்து எழுந்து வீடமைப்புத் துணையமைச்சராகவும் பின் மாநகர ஆட்சியாளராகவும் உயர்ந்தார். வெறும் பேச்சுக்குள்ளே குடியிருக்க முடியாது என்ற அவருடைய வாக்கு அங்கு பழமொழி போலாயிற்று. இடித்துத் தள்ளுவதை விடுத்து, அவ்வட்டாரத்தாருக்கே அங்கே குறைந்த வாடகையில் வீடு என்ற கொள்கை இக்காலத்தில் வென்றது. 1979ஆம் ஆண்டுச் சட்டம் வீட்டின் பரப்பு, வசதி ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு, புள்ளிக்கேற்ற உச்ச வாடகையை நிர்ணயித்தது. சொந்தக்காரன் கேட்பது வாடகையன்று, வீடு பெறுவதே வாடகை என்ற நிலை!

ஏறத்தாழ இக்காலத்தில், 1984-85இல், எம்மவரும் அந்நாட்டிற் புகலிடம் தேடிச் சென்றனர். ஆனால் தமிழ் அகதிகளுக்கு வழமையான சமூக உதவி மறுக்கப்பட்டது. 1985இல் அவர்களுக்கென்றே படுக்கை, குளியல், ரொட்டி என்ற பெயரில் ஓர் ஏற்பாடு வகுக்கப்பட்டது. விடுதி அறையில் தங்குமிடமும் உணவும் சிறிது கைச்செலவும் கிடைத்தன. சொந்த வாடகை வீடு கிடைக்கவில்லை. மேசையும் கதிரையும் கட்டிலும் இருந்தால் இல்லம் என்று ஒப்பிய நாடு, இவர்களுக்குக் கட்டிலோடு நிறுத்திக்கொண்டது.

பின்பு காற்றுத் திசை மாறியது. 1989 முதல் உயர் வாடகை வீடுகள் படிப்படியாகக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. 1995இல் அரசாங்கம் வீடமைப்புச் சங்கங்களோடு கணக்குத் தீர்த்துக் கைகழுவியது. 2010இல் வெற்று வீட்டிற் குடிபுகுதல் குற்றமாக்கப்பட்டது. 2013 முதல் பத்தாண்டு காலம் குறைந்த வாடகை வீடுகள் மீதே வரி விதிக்கப்பட்டது. சங்கங்கள் வீடுகளை விற்று வரி கட்டின.

2015ஆம் ஆண்டு மாற்றம் இவையெல்லாவற்றிலும் நுட்பமானது. அதன்படி, வீட்டின் சந்தை விலைக்கும் புள்ளி சேர்ந்தது. ஒரு வட்டாரத்தைச் சந்தையும் பாட்டும் அயலுறவுமாக வாழவைத்தவர்கள் வாடகைக் குடிகள். அவ்வாழ்வினால் அவ்வட்டாரத்துக்கு மவுசு ஏறிற்று. மவுசினால் வீட்டு விலை ஏறிற்று. விலையினாற் புள்ளி ஏறிற்று. புள்ளியினால் வாடகை ஏறிற்று. தாம் உண்டாக்கிய கலகலப்புக்குத் தாமே கூலி செலுத்தும் நிலை குடிகளுக்கு வந்தது. முடியாதவர்களுக்கு நகரின் ஓரத்தில் இடமிருந்தது. நில வாடகை பற்றி மாணவர்க்குக் கற்பிக்க விரும்பும் ஆசிரியர்க்கு இதனிலும் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

2021 செப்டெம்பரில் ஆயிரக்கணக்கானோர் அம்ஸ்ரர்டாமிற் கூடி வீட்டுரிமை கோரி ஊர்வலஞ் சென்றனர். 2024 யூலை முதலாந் தேதி புதிய சட்டமொன்று நடைமுறைக்கு வந்தது. நடுத்தர வாடகை வீடுகளுக்கும் புள்ளிமுறை விரிந்தது. உச்ச வாடகையை மீறுதல் தண்டனைக்குரியதாயிற்று. உடனே தனியார் சொந்தக்காரர் பலர், வாடகைக்கு விடுவதிலும் பார்க்க விற்பதே இலாபம் எனக் குடி எழும்பிய வீடுகளை விற்கத் தலைப்பட்டனர். மூலதனம் தன் இயல்புப்படி வேறு வாசல் தேடியது.

‘கப்பல்’ இன்றும் ஒரு வீடமைப்புச் சங்கத்தின் கையிலேயே உள்ளது. தொழிலாளருக்கெனக் கட்டிய வீடுகளிற் குடிகள் இன்றும் வாடகைக்கு இருக்கின்றனர். தபாற் கந்தோர் மட்டும் அரும்பொருட்காட்சியகமாயிற்று. அத்தகைய வீடொன்றை விரும்புவோர் பெயரைப் பதிந்துவிட்டு, பத்தாண்டுக்கும் மேலாகக் காத்திருத்தல் வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவுடனேயே பிள்ளைகள் பெயரைப் பதிந்து வைக்கின்றனர். அழைப்பு வரும்போது பலருக்கு முப்பது கடந்துவிடுகிறது.