வாய் திறந்து தூங்கும் பிள்ளை

நம் பக்கத்து வீடுகளில் பேரன் குறட்டை விட்டால் அப்பாயிக்கு ஒரு பெருமை. "பாரு, தாத்தா மாதிரியே குறட்டை. அசந்து தூங்குறான்" என்பார். பகலில் அதே பிள்ளை வாயைத் திறந்தபடி நின்றால் மட்டும் "ஈ பூந்துடும், மூடுடா" என்று ஓர் அதட்டல். இரவுக் குறட்டைக்கும் பகலில் திறந்திருக்கும் வாய்க்கும் பெரும்பாலும் ஒரே காரணம்தான். அதை வைத்தியர்கள் கண்டுபிடித்து, நடுவில் மறந்து, மறுபடி கண்டுபிடித்த கதை கொஞ்சம் விசித்திரமானது.

மூச்சைப் பற்றித் தெரியாத ஊரல்ல நம்முடையது. திருவாவடுதுறைக்கு அருகே சாத்தனூர் மூலன் உடலில் புகுந்ததாகச் சொல்லப்படும் திருமூலர், மூக்கு வழியே இழுப்பதற்கும் நிறுத்துவதற்கும் விடுவதற்கும் கணக்கே சொன்னவர். தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798-1832) காலத்தில் கண் நோயாளிகளின் விவரங்களைப் படம் வரைந்து எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. கண் வெளியே தெரிகிறது, வரைந்துவிடலாம். அடினாய்டு என்ற சதை இருப்பதோ மூக்கின் பின்கோடியில், அண்ணத்துக்கு மேலே. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாலும் தெரியாது. கண்ணில் படாததாலோ என்னவோ, நம் பேச்சு வழக்கில் அதற்குப் பெயரும் இல்லை. தெரிகிற டான்சிலையே நாம் 'உள்நாக்கு' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். உள்நாக்கு நடுவில் தொங்குவது. டான்சில் இரண்டு பக்கமும் இருப்பது.

கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்று ஒரு டாக்டர். காது மந்தம், மூக்கடைப்பு என்று வந்த ஓர் இளம்பெண்ணின் வாய்க்குள் விரலை விட்டு, அண்ணத்துக்குப் பின்னால் மேலே தடவிப் பார்த்தார். மெத்தென்று சதை தட்டுப்பட்டது. பார்க்க முடியாததை விரலால் 'பார்த்தார்' என்று சொல்லலாம். அப்புறம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்து, 1868-ல் எழுதினார். வாயைத் திறந்தபடி இருப்பது, காது சரியாகக் கேட்காதது, மூக்கடைத்த குரல் எல்லாவற்றுக்கும் அந்தச் சதையே காரணம் என்றார். அவர் காலமான பின் அந்த ஊரில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது 1889. லண்டன் டாக்டர் வில்லியம் ஹில், பிள்ளைகள் படிப்பில் பின்தங்குவதற்கும் மந்தமாக இருப்பதற்கும் காரணம் தேடி ஒரு கட்டுரை எழுதினார். வாய் வழியாக மூச்சுவிட்டு, இரவில் குறட்டை விட்டுப் புரண்டு, காலையில் உலர்ந்த வாயோடு எழுந்து, பள்ளியில் தலைவலி என்று உட்காரும் பிள்ளையை 'சோம்பேறி' என்று தள்ளிவிடாமல் டாக்டர் கவனிக்க வேண்டும் என்றார். மூன்றே வருடத்தில், 1892-ல், வில்லியம் ஆஸ்லர் தம் பாடப்புத்தகத்தில் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதையும் சேர்த்து எழுதிவிட்டார். நாங்கள் படித்த காலத்தில் கடைசி பெஞ்சில் 'மக்கு' என்று பெயர் வாங்கிய பையன்களில் எத்தனை பேருக்கு மூக்கு அடைத்திருந்ததோ! நூறு வருடம் முன்பே புத்தகத்தில் இருந்த விஷயம்.

மறந்தது எப்படி? வெட்டி வெட்டித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேல்நாடுகளில் தொண்டை வலிக்கெல்லாம் டான்சில் ஆபரேஷன் என்று ஆகிவிட்டது. 1934-ல் நியூயார்க்கில் 1,000 பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்தபோது 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகியிருந்தது. மீதி 389 பேரைக் காட்டினால் டாக்டர்கள் 174 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். 'வேண்டாம்' என்று விடப்பட்டவர்களை வேறு டாக்டர்களிடம் அனுப்பினால் இன்னும் 99. மறுபடி அனுப்பினால் இன்னும் 51. கடைசியில் தப்பியவர்கள் 65 பேர்! பிறகு ஆன்டிபயாடிக் மருந்துகள் வந்தன, ஆபரேஷன் மீதே சந்தேகம் வந்தது, எண்ணிக்கை குறைந்தது. அந்தச் சண்டையெல்லாம் தொண்டைப் புண்ணைப் பற்றி. ராத்திரி மூச்சை யாரும் நினைக்கவில்லை.

1976-ல்தான் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்மினோவும் அவருடைய குழுவும் எட்டுப் பிள்ளைகளைத் தூங்கவைத்து, கருவி மாட்டி, இரவு முழுக்க அளந்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்பது பதிவானது. அந்தப் பிள்ளைகளிடம் இருந்தவை: பகலில் தூக்கம், படிப்பில் சரிவு, படுக்கையை நனைப்பது, காலைத் தலைவலி. ஹில் கண்ணால் பார்த்து எழுதியது, 87 வருடம் கழித்துக் கருவியில் தெரிந்தது.

இப்போது பேரப்பிள்ளையோடு படுப்பவர்கள் நாம்தான் என்பதால் சொல்கிறேன். சளி பிடித்த நாலு நாள் குறட்டை பெரிதல்ல. சளி இல்லாமலே வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் குறட்டை, நடுவில் சத்தம் நின்று பிறகு திணறி இழுப்பது, கழுத்தைப் பின்னால் வளைத்துப் படுப்பது, தலை நனையும் வியர்வை, தலையணை ஈரம், நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி தொடங்குவது - இவற்றைப் பார்த்தால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள். இதில் ஒரு தந்திரம் உண்டு. பெரியவர்கள் தூக்கம் கெட்டால் பகலில் சாமி ஆடுவதுபோலத் தூங்கி வழிவோம். பிள்ளைகள் பலர் தலைகீழாகத் துறுதுறுவென்று அடங்காமல் திரிவார்கள். 'வாலு' என்று பெயர் வைத்துவிடுகிறோம். ராத்திரி நடப்பதை டாக்டர் பார்க்க முடியாது; செல்போனில் இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்துப்போனால் அவருக்கு உதவும். வாயில் டேப் ஒட்டுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். மூக்கு அடைத்திருப்பதால்தான் பிள்ளை வாயைத் திறக்கிறது.

எல்லோருக்கும் ஆபரேஷன் என்றும் இல்லை. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 5 முதல் 9 வயது வரையுள்ள 464 பிள்ளைகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குப் பொறுத்துப் பார்ப்பது என்று வைத்தார்கள். ஏழு மாதத்தில் ஆபரேஷன் ஆனவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தூக்க மூச்சு சரியானது. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களிலும் 46 சதவீதம் பேருக்குச் சரியானது. கவனத்தை அளந்த பரீட்சையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடத்தையும் தூக்கமும் அன்றாட வாழ்க்கையும் ஆபரேஷன் ஆனவர்களுக்குத்தான் கூடுதலாகத் தேறின. அந்தச் சதை வயது ஏற ஏறச் சுருங்கும் என்பதும் உண்மை. பொறுக்கலாமா, எடுக்கலாமா என்பதை டாக்டர் பிள்ளையைப் பார்த்துச் சொல்வார்.